ஆடிக்கு முன்னாடி காடி மாத்தணும்

ஜூலை 6, திங்கள்

காலையிலேயே மழை. பாலத்துல ஜாம். மோட்டார் சைக்கிள்ல போறவங்க எல்லாம் ஓரம் கட்டி ரெயின்கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பிறை ஃபேக்டரிக்கு ஏழு நிமிஷம் லேட்.

முடிவு பண்ணியாச்சு. காடியை விக்கிறது. இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல.

நீலக் கார். ரெண்டு கதவு, ரெண்டே சீட்டு, கியர் காடி. அஞ்சு வருஷமா என்கிட்ட. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உக்காரணும்னா விழணும், எந்திரிக்கணும்னா கதவைப் புடிச்சுத் தொங்கணும். முப்பத்தொம்பது வயசுல எனக்கே 'யம்மா'னு சத்தம் வருது. கவி எப்படி ஏறி எறங்குவா? பின்சீட்டுனு ஒண்ணு கிடையாது. கைக்குழந்தையை எங்க வைக்கிறது, டேஷ்போர்டு மேலயா?

எழுதிட்டேன். இங்ககூட எழுதக்கூடாதுனு இருந்தேன்.

சரி, எழுதினது இருக்கட்டும். கவிக்கு இது பதினேழாவது வாரம். தெரிஞ்சவங்க நாலு பேர்: நான், கவி, அத்தை (கவியோட அம்மா), டாக்டர். ஏழாம் மாசம் வரைக்கும் அஞ்சாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. இது கவி போட்ட சட்டம். அத்தை கையெழுத்து போட்டுட்டாங்க. கண்ணு படும்.

போன வருஷம் ரெண்டாம் மாசமே ஊரெல்லாம் சொல்லிட்டோம். ஃபேக்டரியில கேக் வெட்டினாங்க. நாலாம் மாசம் போச்சு. அப்புறம் சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இல்லைனு சொல்லணும். அது யாரும் சொல்லித் தராத வேலை. கேன்டீன் அக்காவுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டேன். மூணு வாரம் கழிச்சு தட்டுல ஒரு மீன் அதிகமா வச்சு, "இது வயித்துக்குள்ள இருக்கறவங்களுக்குப் போறது தம்பி, வீட்டுக்குக் கொண்டு போ"னாங்க. வாங்கிட்டு வந்து ஸ்டோர் ரூம்ல உக்காந்து நானே தின்னேன்.

மத்தியானம் அத்தை போன். "மாப்ள, பதினேழாம் தேதி ஆடி பொறக்குது. காடி எடுக்கறதுன்னா அதுக்குள்ள எடுத்துடுங்க. விட்டா ஆவணிதான்."

ஆவணியில கவிக்கு இருபத்து மூணு வாரம் ஆயிடும். அதுவரைக்கும் வாடகைக் காடியிலயா டாக்டர்கிட்ட போறது?

செய்ய வேண்டியது:
ஜுருவுல காடி விக்கிற தவுக்கேயை (முதலாளி) பாக்கணும்.
பழைய ஸ்பிரிங் எங்க வச்சேன்? ஸ்டோர், ஃபேனுக்குப் பின்னாடி.
விக்கிறதுக்கு முன்னாடி காடிப் பரிசோதனைக்கு நாள் வாங்கணும்.
கவிக்கு மாங்கா ஊறுகா (இனிப்பு இல்லாதது).


ஜூலை 7, செவ்வாய்

வெயில். வேலை முடிஞ்சு நேரா ஜுரு. சோறு இல்ல.

தவுக்கே அறுபது வயசு சீனர். அப்பா எஸ்டேட்ல மளிகைக் கடை வச்சிருந்தவராம், தமிழ் என்னைவிட நல்லாப் பேசறார். காடியை மூணு சுத்து சுத்தினார். குனிஞ்சு சக்கரத்தைப் பாத்தார். பானெட்டைத் தடவினார்.

"ஏன் விக்கிற தம்பி? சாயாங் லா, இந்தக் காடியைப் போய் விக்கலாமா."

"சும்மாதான். பெரிய காடி வேணும்."

"ரெண்டு சீட்டுலேர்ந்து அஞ்சு சீட்டு. பொண்டாட்டி முழுகாம இருக்கா?"

"இல்ல."

எவ்வளவு சீக்கிரம் வந்துச்சு அந்த இல்ல. யோசிக்கவே இல்ல. "முதுகு வலி, தவுக்கே. தாழ்வா உக்கார முடியல."

அவரும் தலையாட்டிட்டு வெள்ளைக் காடியைக் காட்டினார். அஞ்சு கதவு, ஆட்டோ, உயரம் சரியா இடுப்பளவு. கதவைத் திறந்து சும்மா நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்தேன். மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்ற காடி. ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல்.

பதினாறாம் தேதி வியாழன், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்ள மாத்திக்கலாம்னு பேசியாச்சு. ஆனி கடைசி நாள். நேரம் அத்தை பாத்துக் குடுத்தது.

திரும்பி வரும்போது அந்த 'இல்ல'தான் காதுல. மறைக்கறது வேற. பொறக்கப் போறதை இல்லைனு வாயால சொல்றது வேற. போன வருஷம் முப்பது பேர்கிட்ட சொன்ன அதே வார்த்தை. இந்த வருஷம் முன்கூட்டியே சொல்லிட்டேனோ?

மடத்தனம். சாப்பிட்டு எழுதணும், பட்டினியில எழுதினா இப்படித்தான் வரும்.


ஜூலை 8, புதன்

ரஃபீக்குக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. என் செக்‌ஷன்ல வேலை பாக்கற தம்பி, நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மனசு தங்கம், வாய் ஒலிபெருக்கி. அவன் மச்சினன் ஜுருவுல டயர் கடை வச்சிருக்கான், என்னைப் பாத்தானாம்.

"அண்ணே, காடிய விக்கிறீங்களாமே? என்ன அண்ணே, ஏதாச்சும் கஷ்டமா?"

"முதுகு வலிடா."

"அல்லா. எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

பத்து மணிக்குள்ள மெயின்டனன்ஸ் முழுக்கச் செய்தி. பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, இனிமே ஏணி ஏறாதீங்க, பளு தூக்காதீங்க, இப்பவே கம்பெனி கிளினிக்குக்குப் போங்கனுட்டார். போனேன். டாக்டர் குனியச் சொன்னார், குனிஞ்சேன். "வலிக்குதா?" வலிக்கலைனு சொன்னா பொய் வெளியில வந்துடும். "ஆமா டாக்டர்." மாத்திரை, ஒரு டியூப் மருந்து, ரெண்டு நாள் லைட் டியூட்டி.

மத்தியானம் இன்னொரு கதை. எனக்கு முதுகு வலி இல்ல, வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க, அதனாலதான் காடியை விக்கிறேன்னு பேக்கிங்ல பேச்சு. ரெண்டு பேர் வந்து தோளைத் தட்டிட்டுப் போனாங்க. கேன்டீன் அக்கா கறுப்பு கோப்பி ஓவுக்கு காசு வாங்கல.

கவி ஆபீஸ்ல 'கேஸ்ட்ரிக்'னு லீவு போட்டிருக்கா. அவளுக்கு கேஸ்ட்ரிக், எனக்கு முதுகு. நல்ல ஜோடி.


ஜூலை 9, வியாழன்

மேகமூட்டம், புழுக்கம்.

வேலை முடிஞ்சு மாக் மண்டின் பக்கம் அத்தை வீட்டுக்கு. கவி மூணு வாரமா அங்கதான் ரெஸ்ட். நான் தினம் சாயந்திரம் போய்ப் பாத்துட்டு பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன்ல எங்க ஃபிளாட்டுக்கு வந்துடுவேன். அங்க தங்க இடமிருக்கு, ஹால் சோபா. ஆனா அத்தை பார்வைக்குக் கீழ எனக்குத் தூக்கம் வராது.

காடியைக் கேட்டுக்கு முன்னாடி நிறுத்தக்கூடாது. ரெண்டு வீடு தள்ளித்தான். அத்தை அப்படிச் சொன்னதே இல்ல. போன ஜூலையிலேர்ந்து கேட்டுக்கு முன்னாடி ஒரு பூந்தொட்டி வந்து உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்.

பதினாறாம் தேதினு சொன்னேன். அத்தை உடனே சாமி படத்தைப் பாத்தாங்க.

"அந்தச் சனியன் போனா போதும் மாப்ள. அது வந்த நேரம்தான்."

கவி மடியில வச்சிருந்த தட்டைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. என்னைத் திரும்பிப் பாக்கல.

ஒரு வருஷமா இதே மாதிரிதான். அந்தக் காடி பேச்சு வந்தா எந்திரிச்சுப் போயிடுவா. 'உன்னாலதான்'னு ஒரு தடவை என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாள்னா நிம்மதியா இருக்கும். சொல்ல மாட்டேங்கறா. காலைப் புடிச்சு மன்னிப்பு கேக்கலாம்னா, அவ குத்தமே சொல்லலையே, எதுக்குன்னு கேக்கறது?


ஜூலை 11, சனி

வெயில் கொளுத்துது. ஆஃப் டே.

பட்டறை. பரிசோதனையில பாஸ் ஆகணும்னா காடி கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கணும். நான் மாத்திப் போட்ட குட்டை ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு பழசை மாட்டணும். போமன், அதான் மெக்கானிக், லிஃப்ட்ல ஏத்தினான், நானும் கூட நின்னு கழட்டினேன். முதுகு வலிக்காரன் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு நின்னேன், யாரும் பாக்கல.

இதையும் எழுதிடறேன். குட்டை ஸ்பிரிங் போட்டது போன வருஷம் மே மாசம். காடி இன்னும் தாழ்ந்து பாக்க அம்சமா இருந்துச்சு. ரோட்டுல ஒரு கல்லு கிடந்தா பல்லு ஆடும். ஜூன்ல கவியைக் கூட்டிக்கிட்டு பாலேக் பூலாவ் மலைப் பக்கம் டுரியான் பழம் திங்கப் போனோம். அத்தனை வளைவு, அத்தனை குழி. நாலாவது நாள் காலையில ரத்தம்.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைனு டாக்டர் சொன்னாங்க. சொல்லத்தானே செய்வாங்க.

பழசை மாட்டினதும் போமன், "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க அண்ணே"னான். போனேன். மெத்தை மாதிரி போகுது. ரயில்வே தண்டவாளத்து மேல ஏறி எறங்கினேன், ஒண்ணும் தெரியல. இது ஒரு வருஷமா ஸ்டோர்ல ஃபேனுக்குப் பின்னாடி கிடந்திருக்கு. திருப்பி மாட்ட ரெண்டே மணி நேரம்.

ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பின்னாடி லோரிக்காரன் ஹார்ன் அடிச்சான்.


ஜூலை 12, ஞாயிறு

காலையில காடியைக் கழுவினேன். சீட்டுக்கு அடியில: கவியோட முடி கிளிப் ரெண்டு, பார்க்கிங் சீட்டு, காஞ்சு போன ஒரு ரம்புத்தான் கொட்டை.

பத்து மணிக்கு அத்தை வீடு. வெள்ளைக் காடி படத்தைப் போன்ல காட்டினேன். அத்தை முன்னாடி கவி என்னை 'நீங்க'ம்பா, தனியா இருந்தா 'நீ'. அத்தை சமையக்கட்டுக்குப் போனதும்:

"எதுக்கு விக்கிற?"

"என்ன கேள்வி இது? பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"எனக்கு ஒண்ணும் அந்தக் காடியில பயமில்லையே."

"கவி, எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்பப் போய் ஏன் கிளறுற?"

"நீதான் கிளறுற. விக்கிறேன் விக்கிறேன்னு ஒரு மாசமா நீதான் கிளறுற."

கண்ணுல தண்ணி. அழக்கூடாது, அழுதா ஆகாதுனு அத்தை ஓடி வந்து என்னை முறைச்சாங்க. எதுக்கு அழறானு எனக்கே தெரியலைனா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஊறுகாயை மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன். இனிப்பு இல்லாததுதான் வாங்கினேன், அதையாவது பாத்தாளோ என்னவோ.


ஜூலை 14, செவ்வாய்

பரிசோதனை ஃபெயில்.

ஸ்பிரிங் ஓகே. கண்ணாடி டிண்ட் ரொம்பக் கறுப்பாம். எப்படி மறந்தேன்? லிஸ்ட்லயே எழுதல. நாளைக்குக் காலையில எட்டரைக்கு மறுபடி வாங்கன்னாங்க. நாளைக்கு விட்டா வியாழன் போச்சு, வெள்ளிக்கிழமை ஆடி.

மேனேஜர்கிட்ட நாளைக்கு லீவு கேட்டேன். "முதுகா?" "ஆமா சார்." முகத்தைப் பாவமா வச்சுக்கிட்டு குடுத்தார்.

மத்தியானம் முழுக்க டிண்ட் உரிச்சேன். பசை போகவே இல்ல. மண்ணெண்ணெய், பிளேடு, ரெண்டு நகம். வெளியில போறவங்களுக்கெல்லாம் உள்ள நான் உக்காந்திருக்கறது அப்பட்டமாத் தெரியுது. அஞ்சு வருஷத்துல முதல் தடவை.

தவுக்கே போன்: "தம்பி, பேப்பர் ரெடியா?" "நாளைக்கு, தவுக்கே." "நாளைக்கு இல்லைனா வியாழன் முடியாது லா." தெரியும் லா.


ஜூலை 15, புதன். ஆஸ்பத்திரி

காலை பதினோரு மணி. தாழ்வாரத்துல உக்காந்து எழுதறேன். நடந்ததை வரிசையா எழுதிப் பாக்கறேன்.

எட்டரைக்குப் பரிசோதனை. ஒன்பது இருபதுக்கு பாஸ். பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வைக்கிறேன், அத்தை போன்.

"மாப்ள, கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாங்க. வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

டாக்டருக்கு போன் அடிச்சேன். நான் இங்கதான் இருக்கேன், ஃபைலும் இங்க இருக்கு, படுக்க வச்ச மாதிரியே மெதுவாக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. இங்கன்னா தீவுல, ஜார்ஜ்டவுன் பக்கம். நடுவுல பாலம்.

பத்து நிமிஷத்துல அத்தை வீடு. கேட்டுக்கு முன்னாடியே நிறுத்தினேன், பூந்தொட்டி உருண்டுது. அத்தை வாடகைக் காடி கூப்பிட்டு போனையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பதினாலு நிமிஷம்னு காட்டுது. அப்புறம் பதினாறு.

"அந்தக் காடியில வேணாம் மாப்ள. உங்களைக் கும்பிடறேன். பெரிய காடி வந்துடும்."

கவி உள்ளேர்ந்து நடந்து வந்தா, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு. வெள்ளை வெளேர்னு முகம்.

"இதுலயே போலாம்."

"அடியே, வேணாம்டி."

"அம்மா, பதினாறு நிமிஷம் என்னால நிக்க முடியாது."

சீட்டைப் பின்னாடி சாய்ச்சு, நான் தூக்கித்தான் உக்கார வச்சேன். ரெண்டே சீட்டு. அத்தை ரோட்டுல நின்னாங்க, கையில கவியோட துணிப் பை. அதை வைக்கக்கூட இடமில்ல, கவி மடியில வச்சுக்கிட்டா.

பாலத்துல அறுபது. என் வாழ்க்கையில அந்தப் பாலத்தை அறுபதுல தாண்டினதில்ல. லோரி எல்லாம் ஹார்ன் அடிச்சுட்டு முந்திக்கிட்டுப் போறான். பாலத்து இணைப்பு ஒவ்வொண்ணும் வரும்போது மூச்சைப் புடிச்சுக்கறேன். டிண்ட் இல்லாததால வெயில் நேரா அவ மூஞ்சியில. பரிசோதனை பேப்பரை எடுத்துக் குடுத்தேன், அதைக் கண்ணுக்கு மேல புடிச்சுக்கிட்டா.

பாதிப் பாலத்துல பேசினா. பேப்பருக்குக் கீழேர்ந்து.

"அன்னைக்கு பாலேக் பூலாவ் போலாம்னு சொன்னது நான்தானே."

"இப்ப எதுக்கு அது. பேசாத."

"வேகமா ஓட்டு, இன்னும் வேகமானு சொன்னதும் நான்தான். நீ வேணாம்னே. நான்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"கவி."

"நீ காடியை விக்கிறேன்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு அதான் கேக்குது. காடிதான் காரணம்னா, ஓட்டச் சொன்ன நான்தானே காரணம். நீ வாய விட்டுச் சொல்லல, விக்கிற."

நான் என்ன நினைச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டினேன், இவ என்ன நினைச்சுக்கிட்டு ஒரு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தா?

"ஸ்பிரிங் மாத்தினது நான்டி. அதான் அப்படிக் குலுங்குச்சு."

"எந்த ஸ்பிரிங்?"

அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு சாமான் காடியில இருக்கறதே தெரியாது.

மிச்சப் பாலம் முழுக்க, கியர் மாத்தற நேரம் தவிர என் கை அவ கைக்குள்ள இருந்துச்சு.

டாக்டர் உள்ள கூட்டிட்டுப் போய் நாப்பது நிமிஷம் ஆச்சு. அத்தை பெரிய காடியில வந்து சேர்ந்து பக்கத்துல உக்காந்திருக்காங்க. என் சட்டைக் காலர் மடிஞ்சு கிடந்துச்சாம், சரி பண்ணி விட்டாங்க.

11.25. கூப்பிட்டாங்க.

12.10. துடிப்பு இருக்கு. நான் கேட்டேன். குதிரை ஓடற மாதிரி. டாக்டர் ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வச்சாங்க.

நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழ இருக்காம், அதனால கசிஞ்சிருக்கு. ரெண்டு நாள் இங்க, அப்புறம் வீட்டுல படுக்கை. நான் கேட்டேன், "டாக்டர், பாலத்துல குலுங்கினதுல ஏதும்..."

"கூட்டிட்டு வந்ததுதான் சரி. வராம இருந்திருந்தாதான் நான் திட்டியிருப்பேன்."

"போன வருஷம்?"

கண்ணாடியைக் கழட்டிட்டு ரெண்டு பேரையும் பாத்தாங்க. "போன வருஷமே ரெண்டு பேருக்கும் சொன்னேன். அந்தக் கரு ஆரம்பத்துலேர்ந்தே சரியா வளரல. நீங்க வீட்டுலயே கட்டில்ல படுத்திருந்தாலும் அதான் நடந்திருக்கும். ரெண்டு பேருமே காதுல வாங்கல."

கவி என்னைப் பாத்தா. ஒரு வருஷத்துல முதல் தடவை நேரா.


ஜூலை 16, வியாழன்

ஆஸ்பத்திரி. ஜன்னல் வழியா நல்ல வெயில். கஞ்சி குடிச்சா. அவிச்ச முட்டை வேணாம்னுட்டா, நான் தின்னேன்.

ஒன்பதிலிருந்து பத்தரை, நல்ல நேரம், வந்துச்சு, போச்சு. தவுக்கேகிட்ட நாளைக்கு அப்புறம் பேசறேன்னேன். என்ன ஆச்சுனு கேட்டார். "ஆஸ்பத்திரியில இருக்கேன்." "அடடா, முதுகு அவ்வளவு மோசமா?" போனை வச்சுட்டேன்.

அத்தை: "விடுங்க மாப்ள. ஆவணியில எடுத்துக்கலாம். இப்ப என்ன அவசரம்."

கவி கண்ணை மூடிக்கிட்டே, அத்தை முன்னாடியே 'நீ'னு: "நாளைக்கு மறுநாள் எடுத்துட்டு வரச் சொல்லு. வீட்டுக்கே."

"ஆடி, கவி."

"ஆடியா இருந்தா காடி ஓடாதா? எனக்கு ஏறி எறங்க ஒண்ணு வேணும். உன்னுதுல நேத்து உக்காந்ததே இன்னும் இடுப்பு வலிக்குது."

நான், "அப்ப விக்கிறதுல உனக்கு..."

"வித்துடு. காடி பத்தலைனு விக்கிற. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. சரியா?"

சரினேன். அத்தை சாமி பேரைச் சொன்னாங்க. எதிர்த்துப் பேசல.


ஜூலை 18, சனி

தூறல். பத்து மணிக்கு விட்டுது.

நேத்து சாயந்திரம் டிஸ்சார்ஜ். அத்தை எங்க ஃபிளாட்டுக்கே வந்துட்டாங்க, இப்ப சோபா அவங்களுக்கு.

பத்தரைக்கு தவுக்கே வெள்ளைக் காடியை அவரே ஓட்டிக்கிட்டு வந்தார். கீழ போனேன். கவியும் வர்றேன்னா. வேணாம்னா கேக்கணுமே. லிஃப்ட்ல எறங்கி, வாசல் செக்யூரிட்டி கார்டு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாரு, நிழல்ல உக்காந்தா. அத்தை பின்னாடி குடையோட.

தவுக்கே சட்டைப் பையிலேர்ந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார், நான் மறந்தே போயிருந்தேன். அவரே குனிஞ்சு நாலு சக்கரத்துக்கு அடியிலயும் வச்சார். எஸ்டேட் பழக்கம்னார். அப்புறம் நிமிர்ந்து, "ஆடியில எடுக்கற முதல் தமிழ் ஆளு நீதான் தம்பி. உண்மையச் சொல்லு. வேலை போச்சா?"

ரெண்டு வாரப் பொய், நாக்கு நுனியில ரெடியா இருந்துச்சு. முதுகுனு வாயைத் திறந்தேன்.

"அஞ்சாம் மாசம், அங்கிள்," நாற்காலியிலேர்ந்து கவி. "டிசம்பர்ல பொறக்கும்."

அத்தை குடையைக் கீழ விட்டுட்டாங்க.

தவுக்கே என்னைப் பாத்தார், கவியைப் பாத்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். நீலக் காடி சாவிக்குக் கையை நீட்டினார், நான் குடுத்தேன். "நல்லபடியா இருங்க மா," அவ்வளவுதான். ஏறினார், விழுந்துதான் உக்காந்தார், 'ஐயோ'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. போயிட்டார். வளைவுல அந்த எஞ்சின் சத்தம் தேயற வரைக்கும் நின்னேன். வலிச்சுது. அதை இல்லைனு சொல்ல மாட்டேன்.

லிஃப்ட்ல அத்தை: "உனக்கென்ன பைத்தியமாடி? வெளி ஆள்கிட்ட போய். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுனா?"

கவி கோவப்படல. மெதுவாத்தான் சொன்னா. "ஒண்ணுனாலும், இருந்துச்சுனு நாலு பேருக்குத் தெரியட்டும்மா. போன தடவை அதுக்காக கேக் வெட்டினாங்க. இதுக்கு நாம இன்னும் இல்ல இல்லைனுதான் சொல்லிக்கிட்டிருக்கோம்."

மேல வந்ததும் அத்தை நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

கவி படுத்துக்கிட்டு என் போனை எடுத்து நீட்டினா. "ரஃபீக்குக்குச் சொல்லு. அவனுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி."

அடிச்சேன். பின்னால மெஷின் சத்தம், அவனுக்கு இன்னைக்கு ஓவர்டைம்.

"அண்ணே, முதுகு எப்படி இருக்கு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்லடா. எனக்குப் பிள்ளை பொறக்கப் போகுது."

"என்ன அண்ணே? கேக்கல. இருங்க, வெளியில வர்றேன்."

கதவு சாத்தற சத்தம். மெஷின் சத்தம் அடங்குச்சு. இன்னொரு தடவை சொன்னேன்.